கடல் கடக்கும் கனிகள்

முக்கனிகளுள் முதலாவதாக வைத்து எண்ணப்படுவது மாங்கனி. திருவிழா என்றால் வாயிலில் மாவிலைத் தோரணம். விருந்து என்றால் இலையோரத்தில் மாம்பழத் துண்டு. கோடை விடுமுறை என்றதும் நம் நாவில் முதலில் ஊறுவதும் அதன் சுவையே. உலகில் விளையும் மாம்பழத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நமது பாரத நாட்டில்தான் விளைகிறது. இத்துணை வளம் இருந்தும், நம் நாட்டு விளைச்சலில் புதிய பழமாகவே கடல் கடந்து செல்வது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. நம்மைவிட மிகக் குறைவாக விளைவிக்கும் மெக்சிகோ நாடு மாம்பழ ஏற்றுமதியில் நம்மை முந்தி நிற்கிறது.

இதற்குக் காரணம் என்ன? நம் பழத்தின் சுவையில் குறை உண்டா? இல்லவே இல்லை. நம் மக்கள் தொகை பெரிது. ஆதலால் விளைவதில் பெரும்பகுதியை நாமே உண்டுவிடுகிறோம் என்பது ஒரு காரணம். அதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் மற்றொரு காரணம் நாம் சிந்திக்க வேண்டியது. மரத்தில் இருந்த தரம் வெளிநாட்டுக் கடைக்குப் போய்ச் சேரும்வரை குறையாமல் காக்க நாம் இன்னும் முழுமையாகக் கற்றுக்கொள்ளவில்லை.

தரம் என்பது துறைமுகத்தில் பெட்டியின்மேல் ஒட்டப்படும் சீட்டு அன்று. அது தோட்டத்தில் பிறக்கிறது. பறித்த நொடிக்குப் பின் அதைக் கூட்ட எவராலும் இயலாது. குறையாமல் காக்க மட்டுமே இயலும். பறிப்பவர், சுமப்பவர், தரம் பிரிப்பவர், வண்டி ஓட்டுபவர், சான்றிதழ் எழுதுபவர் எனப் பல கைகள் மாறிச் செல்லும் கனியின் பயணத்தில், எந்தக் கை சோர்கிறதோ அந்தக் கையின் அளவே முழுப் பயணத்தின் தரமும் ஆகும். இவ்வுண்மையைச் சில நிகழ்ச்சிகளின் வாயிலாக இக்கட்டுரையில் காண்போம்.

பறித்த பின்னும் உயிர் வாழும் கனி

செடியிலிருந்து பறித்தவுடன் கனி இறந்துவிடுகிறது என்று நாம் எண்ணுகிறோம். அது தவறு. பறித்த பின்னும் கனி மூச்சு விடுகிறது. காற்றிலுள்ள உயிர்வளியை உட்கொண்டு, தன்னுள் இருக்கும் மாவையும் சர்க்கரையையும் சிறிது சிறிதாகச் செலவிட்டு, கரியமில வாயுவையும் வெப்பத்தையும் வெளியிடுகிறது. மரத்தில் இருந்தபோது வேர் நீரூட்டியது, இலை உணவூட்டியது. இப்போதோ வரவு நின்று செலவு மட்டும் நடக்கிறது. வருவாய் இல்லாத வீட்டில் சேமிப்பு எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் கனியின் ஆயுட்காலம்.

இச்செலவைத் தீர்மானிப்பது வெப்பம். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடும்போது கனியின் மூச்சு இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆகிறது. நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் கேட்பாரற்றுக் கிடக்கும் கூடை, குளிர்ந்த அறையில் கழிக்க வேண்டிய பல மணி நேர ஆயுளை இழந்துவிடுகிறது. பார்வைக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பத்து நாள் கழித்து அயல்நாட்டுக் கடையில்தான் அந்த ஒரு மணி நேரம் தன் கணக்கைத் தீர்க்கும்.

மா, வாழை போன்ற கனிகளுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. அவை பழுக்கும்போது எத்திலீன் என்னும் வாயுவைத் தாமே வெளியிடுகின்றன. பழுக்கும் கனி இவ்வாயுவை வெளியிடுகிறது என்பதை 1934-ஆம் ஆண்டில் கேன் என்ற ஆங்கில அறிவியலறிஞர் மெய்ப்பித்தார். ஒரு பழம் கனிந்தால் பக்கத்திலுள்ள காய்களையும் அது கனியச் செய்துவிடும். முன்கூட்டியே கனிந்த ஒரே ஒரு பழத்தைக் கவனியாமல் பெட்டியில் வைத்துவிட்டால், பெட்டி முழுவதும் வழியிலேயே பழுத்துக் குழைந்துபோகும். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி நஞ்சு என்பது போலத்தான் இதுவும்.

தோட்டத்தில் தொடங்கும் தரம்

நம் நாட்டிலிருந்து வெளிநாடு செல்லும் மாம்பழங்களுள் புகழ்பெற்றது அல்போன்சா. கொங்கணக் கடற்கரையிலுள்ள இரத்தினகிரி, சிந்துதுர்க் மாவட்டங்கள் இதற்குப் பேர் பெற்றவை. போர்ச்சுகீசியத் தளபதி அபோன்சோ தெ அல்புகெர்க் என்பவரின் பெயரே இப்பழத்திற்கு வழங்குகிறது. கோவாவில் மாமரத்தை ஒட்டுக்கட்டும் முறையைப் பரப்பியதில் இயேசு சபைத் துறவியருக்குப் பெரும் பங்கு உண்டு என்பர். கொட்டையிலிருந்து முளைக்கும் கன்று தாயைப் போலவே கனி தரும் என்று உறுதி இல்லை. ஒட்டுக்கன்றோ தாய் மரத்தின் சுவையை மாறாமல் தரும். ஆகவே, ஒரே சீரான தரம் என்பதற்கு அன்றே வித்திடப்பட்டது எனலாம்.

நல்ல மரம் மட்டும் போதுமா? பறிக்கும் முறையிலும் கருத்து வேண்டும். ஏற்றுமதிக்குரிய மாங்காயை மரத்திலேயே பழுக்க விடுவதில்லை. முற்றியும் பழுக்காத நிலையில் பறிக்க வேண்டும். காம்பைச் சுற்றித் தோள்கள் மேலெழும்பி, காம்பு சிறு பள்ளத்தில் அமர்ந்தாற்போல் தோன்றினால் காய் முற்றிவிட்டது என்று அறிவர். முற்றிய காய் நீரில் போட்டால் அமிழும். முற்றாத காய் மிதக்கும். முற்றாமல் பறித்த காயை எத்தனை நாள் வைத்தாலும் அது தோல் சுருங்குமே ஒழிய இனிக்காது. மிகவும் முற்றவிட்ட காயோ வழியிலேயே பழுத்துவிடும்.

கல்லெறிந்தும் கிளையை உலுக்கியும் காயை வீழ்த்துவது கூடாது. தரையில் விழுந்த காயின் உட்சதை நசுங்கிவிடும்; மேலே தழும்பு தெரியாது. அதனால் நீண்ட கழியின் முனையில் கத்தியும் வலைப்பையும் பொருத்திய கருவியால் பறிக்கின்றனர். கொங்கணத்தில் தாபோலி வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய இத்தகைய கருவிக்கு ‘நூதன்’ என்று பெயர். காம்பை ஒட்டப் பறிக்காமல் சிறிது நீளம் விட்டுப் பறிப்பதற்கும் காரணம் உண்டு. காம்பு ஒடிந்ததும் பீறிட்டு வரும் மாம்பால் தோலைப் பொசுக்கிக் கரும்புள்ளிகளை உண்டாக்கும். பின்னர் நிழலில் காம்பை அளவாக நறுக்கி, காயைத் தலைகீழாகச் சாய்த்து வைத்துப் பாலை வடிய விடுவார்கள்.

அல்போன்சாவுக்கே உரிய குறை ஒன்றும் உண்டு. வெளியே பொன்னிறமாகவும் மணமாகவும் இருக்கும் பழத்தை அறுத்தால், கொட்டையருகே சதை வெளுத்துப் பஞ்சுபோல் புளித்திருக்கும். வெளித்தோற்றத்தைக் கண்டு இதை அறியவே முடியாது. மிகுதியாக முற்றவிடுவதும், பறித்த காயை வெயிலிலும் சூடான தரையிலும் போடுவதும் இக்குறையை வளர்க்கின்றன. காலை வேளையில் பறித்து உடனே நிழலில் வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. கருத்து மட்டுமே வேண்டும்.

ஈயால் மானம் கப்பலேறிய கதை

இனி, பழத்தின் பயணத்தையே நிறுத்திவிட்ட ஒரு சிறு பூச்சியைப் பற்றிக் காண்போம். பழ ஈ எனப்படும் இது ஏறத்தாழ வீட்டு ஈயின் அளவே இருக்கும். பெண் ஈ முற்றிவரும் காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். ஊசி குத்திய தடம்போல் ஒரு புள்ளி மட்டும் தோலில் இருக்கும். முட்டை பொரிந்த புழுக்கள் சதையைத் தின்று வளர்ந்து, பழம் விழுந்ததும் மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாக வெளிவரும்.

ஒரு நாட்டிலிருந்து புழுவுள்ள பழம் ஒன்று மற்றொரு நாட்டுக்குச் சென்றால், அந்நாட்டில் இல்லாத பூச்சி அங்கே குடியேறி அவர்கள் தோட்டங்களை அழிக்கலாம். ஆதலால்தான் இறக்குமதி செய்யும் நாடுகள் இவ்வளவு கடுமை காட்டுகின்றன. பழ ஈக்கு அஞ்சி ஜப்பான் நாடு நம் மாம்பழத்தை இருபது ஆண்டுகள் ஏற்கவில்லை. 2006-ஆம் ஆண்டில்தான் அத்தடை நீங்கியது. நீராவி வெப்பத்தால் பழத்தின் உள்ளே 47.5 டிகிரி சூட்டை 20 நிமிடம் நிலைநிறுத்திப் புழுவை அழித்த பின்னரே பழம் அங்கே செல்லலாம் என்பது உடன்பாடு.

அமெரிக்காவும் 1989 முதல் 18 ஆண்டுகள் கதவை அடைத்திருந்தது. நாசிக் மாவட்டத்தில் உள்ள லாசல்காவ் என்னும் ஊரில், வெங்காயம் முளைவிடாமல் காப்பதற்காக அமைக்கப்பட்ட கதிர்வீச்சு நிலையம் இதற்குத் துணை நின்றது. அங்கே 400 கிரே அளவில் காமாக் கதிர் செலுத்தினால், பழத்தில் பூச்சி இருந்தாலும் அது வளர்ந்து இனம் பெருக்க முடியாது. பழத்தில் கதிரியக்கம் ஏதும் தங்குவதுமில்லை. இவ்வாறு பதம் செய்யப்பட்ட முதல் பெட்டிகள் 2007 ஏப்ரலில் நியூயார்க் நகரை அடைந்தன.

இவ்வளவு முயன்று பெற்ற நற்பெயர் 2014-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் மங்கியது. 2013-ஆம் ஆண்டில் நம் நாட்டிலிருந்து சென்ற காய்கனிச் சரக்குகளுள் 207-ல் பழ ஈ முதலிய பூச்சிகள் இருந்ததை ஐரோப்பிய அதிகாரிகள் கண்டனர். அதனால் 2014 மே முதல் நாளிலிருந்து மாம்பழம், கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேப்பங்கிழங்கு வகை ஆகிய ஐந்தையும் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. மாம்பழப் பருவம் உச்சத்தில் இருந்த வேளை அது. இலண்டன் கடைவீதிகளில் நம் பழத்திற்காகக் காத்திருந்தோர் ஏமாந்தனர். ஏற்றுமதிக்கென்று வளர்த்த பழங்கள் உள்நாட்டுச் சந்தைக்குத் திரும்பின. மானம் கப்பலேறுவது என்று நம் முன்னோர் சொல்வார்களே, அவ்வாண்டு கப்பலேற வேண்டிய பழம் நின்றுபோய் மானம்தான் கப்பலேறியது!

இங்கே நாம் சிந்திக்க வேண்டியது ஒன்று உண்டு. புழுவுள்ள பழத்தை அனுப்பியவர் சிலர். முறையாக வலை கட்டியும், பொறி வைத்தும், தேர்ந்தெடுத்தும் நல்ல பழம் அனுப்பியவர் பலர். தடை வந்தபோது இரு சாராரும் ஒன்றாகவே தண்டிக்கப்பட்டனர். பெட்டியின்மேல் விவசாயியின் பெயருக்கு முன் நாட்டின் பெயரையே அயலார் படிக்கின்றனர்.

அதன் பின்னர் அரசு விழித்துக்கொண்டது. ஏற்பு பெற்ற சிப்பமிடும் நிலையங்களின் வழியாக, அதிகாரிகளின் சோதனைக்குப் பின்னரே ஐரோப்பாவுக்குப் பழம் செல்ல வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 48 டிகிரி வெந்நீரில் 60 நிமிடம் அமிழ்த்தும் முறையும், நீராவி முறையும் நடைமுறைக்கு வந்தன. 2015-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மாம்பழத்தின் மீதிருந்த தடை நீக்கப்பட்டது.

எனினும் வெந்நீரும் கதிரும் கடைசிக் காவல்களே. முதற்காவல் தோட்டத்தில்தான் இருக்கிறது. விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைத்தால் புழு ஈயாவதில்லை. மெத்தில் யூஜினால் என்னும் மணப்பொருள் தோய்த்த பொறியை மரத்தில் தொங்கவிட்டால் ஆண் ஈக்கள் அதில் வந்து விழும். இதன் பின்னணி சுவையானது. பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹௌலெட் என்ற பூச்சியியலறிஞர், கொசுவை விரட்டப் பூசும் சிட்ரோனெல்லா எண்ணெயைப் பழ ஈக்கள் தேடி வருவதைக் கண்டு 1912-ஆம் ஆண்டில் எழுதினார். நம் மண்ணில் தோன்றிய அறிவு இன்று உலகெங்கும் பழத்தோட்டங்களைக் காக்கிறது. நம் தோப்புகள் எல்லாவற்றிலும் அது தொங்க வேண்டாமா?

திராட்சை கற்பித்த பாடம்

பூச்சியை அழிக்கத்தான் மருந்து இருக்கிறதே என்று சிலர் கருதலாம். மருந்தே மற்றொரு தடையாக வந்த கதையும் உண்டு.

மராட்டிய மாநிலத்தின் நாசிக், சாங்கலி மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் தைத் திங்கள் தொடங்கிப் பங்குனி வரையில் விதையில்லாத் திராட்சை கப்பலேறி ஐரோப்பா செல்கிறது. அங்கே கொத்துகளைத் தூக்கிப் பார்த்து, நசுங்கிய மணியைச் சிறு கத்தரிக்கோலால் நீக்கி, எடை பார்த்துப் பெட்டியில் அடுக்குபவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரு பருவத்தின் ஏற்றுமதி நின்றால் முதலில் நின்றுபோவது அவர்களது நாட்கூலிதான்.

2010-ஆம் ஆண்டில் அதுவே நடந்தது. குளோர்மெக்குவாட் குளோரைடு என்பது பூச்சிமருந்து அன்று. கொடியின் மிகை வளர்ச்சியை அடக்கிக் காய்ப்பைத் தூண்டும் பொருள். உழவர் பலரும் அதைப் பல்லாண்டுகளாகத் தெளித்து வந்தனர். ஏற்றுமதிக்கு முன் நம் ஆய்வகங்கள் சோதிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் அது இடம்பெறவில்லை. ஐரோப்பாவில் சோதித்தபோது, அங்கே ஏற்கப்பட்ட அளவுக்கு மேல் அதன் எச்சம் இருந்தது. அவர்கள் ஏற்ற அளவு ஒரு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், அதாவது 20,000 கிலோ திராட்சையில் ஒரு கிராம்! சரக்குகள் வழியிலும் துறைமுகத்திலும் தேங்கின. உழவர்கள் பெரும் கடனுக்கு ஆளாயினர்.

இங்கே எவரும் வேண்டுமென்று பிழை செய்யவில்லை. சோதனை நடந்தது, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று விடுபட்டது. வாங்குபவர் எதை நோக்குவார் என்று முன்னரே அறிந்து, அதை உழவனின் காதில் கொடி கத்தரிக்கும் பருவத்திலேயே போட வேண்டியது அரசு நிறுவனங்களின் கடமை, ஏற்றுமதியாளரின் கடமை. அறுவடைக்குப் பின் சொல்லிப் பயனில்லை. தெளித்த மருந்தைத் திரும்ப எடுக்க முடியுமா? அடுத்த பருவம் முதல் அப்பொருளும் சோதனைப் பட்டியலில் சேர்ந்தது.

இத்துயரிலும் கைகொடுத்தது ஒரு நல்ல ஏற்பாடு. 1986-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வேளாண் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி அமைப்பான அபேடா, 2006-2007 பருவத்தில் ‘கிரேப்நெட்’ என்ற கணிப்பொறிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. ஏற்றுமதிக்குரிய ஒவ்வொரு தோட்டத்திற்கும் ஓர் எண் உண்டு. எந்தத் தோட்டம், என்று சோதிக்கப்பட்டது, எங்கே சிப்பம் கட்டப்பட்டது என்பதெல்லாம் அவ்வெண்ணில் அடங்கும். ஐரோப்பியக் கடை ஒன்றில் இருக்கும் பெட்டியிலிருந்து நாசிக்கின் சிற்றூர்த் தோட்டம்வரை பின்னோக்கி நடந்து வர இம்முறை வழி செய்கிறது. குறை எங்கே என்று தெரிந்தால் குறை செய்தவரை மட்டும் திருத்தலாம். தெரியாவிட்டால் ஊரையே தண்டிக்க வேண்டிவரும். மாம்பழத்திற்கும் மாதுளைக்கும் இத்தகைய பதிவு முறைகள் பின்னர் வந்தன.

அறுபடக் கூடாத குளிர்

சோதனைகளில் தேறிய பழத்திற்கு அடுத்த தேவை குளிர்ச்சி. பறித்த சில மணி நேரத்திற்குள் பழத்தினுள் தங்கியிருக்கும் தோட்டத்து வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். பின்னர் கிடங்கு, வண்டி, கப்பல், அயல்நாட்டுக் கடை என எங்கும் அக்குளிர் அறுபடக் கூடாது.

குளிர் என்றால் எவ்வளவு குளிர்? இங்கேதான் ஒவ்வொரு கனியின் இயல்பையும் அறிய வேண்டும். திராட்சைக்கு ஏறத்தாழ 0 டிகிரி ஏற்றது. பூஞ்சை பிடிக்காதிருக்கக் கந்தக டை ஆக்சைடு வெளியிடும் தாள் ஒன்றையும் பெட்டியில் வைக்கின்றனர். மாவுக்கும் வாழைக்கும் அக்குளிர் ஆகாது. அவை வெப்ப நாட்டுப் பிள்ளைகள். 12, 13 டிகிரிக்குக் கீழே பல நாள் வைத்தால் தோல் கறுத்து, மணம் குன்றி, சரியாகப் பழுக்காமலே கெடும். அதிகக் குளிரும் ஊறு, குறைந்த குளிரும் ஊறு. தாய் தன் மக்களுள் ஒவ்வொருவரின் உடல்நிலைக்கும் ஏற்ப உணவிடுவதுபோல், கனிக்குக் கனி அறிந்து நடத்த வேண்டும்.

குளிர்ச் சங்கிலியில் கண்ணி அறுபடும் இடங்கள் பெரும்பாலும் கை மாறும் இடங்களே. கிடங்குக்கும் வண்டிக்கும் இடையே, வண்டிக்கும் விமானத்திற்கும் இடையே பெட்டிகள் வெயிலில் காத்திருக்கும் நேரமே கேடு விளைக்கும் நேரம். தம் பொறுப்பு முடிந்தது என்று ஒருவர் நினைக்க, தம் பொறுப்பு தொடங்கவில்லை என்று மற்றவர் நினைக்க, நடுவே பழம் வேகிறது. இதற்காகப் பெட்டிகளுக்கிடையே வெப்பத்தைப் பதியும் சிறு கருவியை வைக்கின்றனர். எந்த நாள், எந்த மணியில், எத்தனை டிகிரி என்று அது குறித்துக்கொண்டே வரும். அது பொய் சொல்லாத சாட்சி.

விமானக் கட்டணம் மிகுதி. விமானத்தில் இடமும் குறைவு. ஆதலால் மாம்பழத்தையும் கடல் வழியே அனுப்பும் முயற்சிகள் நடக்கின்றன. 2022-ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்கு அவ்வாறு ஒரு முயற்சி செய்யப்பட்டது. மூன்று நான்கு வாரப் பயணத்தைத் தாங்க வேண்டுமாயின், தோட்டத்தில் முதல் நாள் காட்டும் கருத்து இன்னும் பல மடங்கு கூட வேண்டும். விமானம் மறைத்துவிடும் குறைகளைக் கப்பல் மறைக்காது.

ஒரு தாளின் விலை

பழம் நல்லது, குளிர் சரி, பூச்சி இல்லை. இனி என்ன கவலை? 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில், மும்பைப் பகுதியிலிருந்து விமானத்தில் சென்ற 15 மாம்பழச் சரக்குகளை அமெரிக்க அதிகாரிகள் ஏற்க மறுத்தனர். கதிர்வீச்சுப் பதம் செய்ததற்கான படிவம் முறையாக இல்லை என்பது அவர்கள் கூறிய காரணம். திருப்பி எடுத்து வருவதற்குள் பழம் அழுகும். எடுத்து வரும் செலவும் பழத்தின் விலையை விஞ்சும். ஆகவே அங்கேயே அழிக்கப்பட்டன. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான் இது.

பார்க்கப்போனால் ஒரு தாள். ஆனால் பழத்தின் வாயாக நின்று பேசுவது அத்தாளே. அயல்நாட்டு அதிகாரி நம் தோட்டத்தைக் கண்டவரல்லர்; நம் உழைப்பை அறிந்தவரல்லர். அவர் காண்பது எழுத்தை மட்டுமே. எழுதுகோல் பிடிக்கும் கையும் பழம் பறிக்கும் கையைப் போலவே கருத்தாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

செய்ய வேண்டுவன யாவை?

உழவனுக்கு அறிவுரை கூறுவது எளிது. ஆனால் தரத்திற்கு விலை கிடைக்காவிட்டால் அவன் எதற்காக மெனக்கெட வேண்டும்? பல இடங்களில் மரம் பூத்திருக்கும்போதே தோப்பை மொத்தமாகக் குத்தகைக்கு விட்டுவிடுகின்றனர். குத்தகை எடுத்தவரோ அவ்வாண்டுப் பலனை மட்டும் பார்க்கிறார். விழுந்த பழத்தைப் புதைப்பதும் பொறி கட்டுவதும் அவருக்கு வீண் செலவாகத் தோன்றும். மண்டியிலும் நல்ல காய், அடிபட்ட காய் எல்லாம் ஒரே குவியலாக விலைபோனால் கவனமாகப் பறித்தவனுக்கு என்ன ஊதியம்? எனவே, பழத்தைத் தரம் பிரித்து, தரத்திற்கேற்ற விலையை உழவனின் கையிலேயே கொடுக்கும் முறை முதலில் வர வேண்டும்.

சிறு உழவர் தனியாகக் குளிர்ப்பதன அறை கட்ட இயலாது. பலர் கூடினால் இயலும். மராட்டியத் திராட்சை உழவர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் 1991-ஆம் ஆண்டில் ‘மகாகிரேப்ஸ்’ என்ற பெயரில் ஒன்றிணைந்து ஐரோப்பியச் சந்தையில் நுழைந்தது இதற்கு எடுத்துக்காட்டு. ஊர் கூடித் தேர் இழுத்தால்தான் தேர் நகரும்.

பெயரைக் காப்பதும் வேண்டும். வேறு இடத்துப் பழத்தை இரத்தினகிரிப் பழம் என்று சொல்லி விற்பவர் உண்டு. 2018-ஆம் ஆண்டில் கொங்கண மாவட்டங்களின் அல்போன்சாவுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. சட்டம் துணை நிற்கலாம். ஆனால் பெட்டியில் பெயர் எழுதுபவரின் மனச்சான்றே உண்மையான காவலன்.

நம் தமிழகத்தின் பங்கையும் நாம் எண்ணிப் பார்க்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விளையும் பெங்களூரா என்னும் கிளிமூக்கு மாம்பழத்தின் பெரும்பகுதி கூழாக்கப்பட்டு, புட்டிகளிலும் டப்பாக்களிலும் அடைக்கப்பட்டு வெளிநாடு செல்கிறது. கூழுக்குத்தானே என்று அடிபட்ட பழத்தையும் மருந்து மிகுந்த பழத்தையும் கலக்க முடியாது. கூழையும் சோதித்தே வாங்குகிறார்கள். தேனி, திருச்சிப் பகுதிகளின் வாழைக்கும் இதே பாடம் பொருந்தும். தாரைத் தரையில் போட்டு இழுத்தால் அன்று பச்சையாகத் தெரியும் தோல், பழுத்ததும் கருந்தழும்பைக் காட்டிக்கொடுக்கும்.

மற்றொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். வெளிநாட்டாருக்கு மட்டும் நல்ல பழமும், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எஞ்சியதும் என்பது முறையாகுமா? கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. அதில் ஆர்செனிக் போன்ற நச்சுப் பொருள்கள் கலந்திருக்கலாம். அளவோடு எத்திலீன் வாயுவைச் செலுத்திப் பழுக்க வைக்கும் பாதுகாப்பான முறை அனுமதிக்கப்பட்டும் இருக்கிறது. ஆயினும் கல் வைத்துப் பழுத்த பழம் சந்தையில் இன்னும் பிடிபடுகிறது. உள்ளூரில் எது கிடைத்தாலும் வாங்குவோம் என்று நாம் இருக்கும்வரை, தரம் என்பது வெளிநாட்டாருக்காகப் பூசும் அரிதாரமாகவே இருக்கும். அரிதாரம் வியர்வையில் கலைந்துவிடும், பழக்கமோ கலையாது. உள்நாட்டில் தரத்தைக் கேட்டுப் பெறும் மக்களே வெளிநாட்டில் மதிப்புப் பெறும் உழவரை உருவாக்குவார்கள்.

முடிவுரை

அன்புத் தோழியரே! ஒரு மாங்கனி கடல் கடந்து சென்று அயலார் ஒருவரின் கையில் நறுமணத்தோடு அமர்வதற்கு, அவர் ஒருபோதும் காணப்போகாத எத்தனையோ பேர் தத்தம் பணியைச் செவ்வனே செய்திருக்க வேண்டும். அவர்களுள் பெரும்பாலோர் பெயர் அறியப்படாதவர்கள். மரத்தடியில் விழுந்த பழத்தைப் பொறுக்கிப் புதைத்தவள் யார் என்று எந்தப் பெட்டியிலும் எழுதப்படுவதில்லை. ஆனால் அவள் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் நாடே அறிந்திருக்கும். சிறியதில் நம்பிக்கைக்குரியவராய் இருத்தல் பற்றி நற்செய்தி நமக்குக் கற்பிப்பது இதைத்தான் அன்றோ?

நாளை நம்முள் சிலர் வேளாண் அறிவியல் கற்கலாம். சிலர் ஆய்வகங்களிலும் அலுவலகங்களிலும் பணிபுரியலாம். சிலர் தம் குடும்பத் தோட்டத்தையே ஏற்று நடத்தலாம். எஞ்சியோர் அனைவரும் கடையில் பழம் வாங்குவோர் ஆவோம். எந்த இடத்தில் நின்றாலும், நம் கைக்கு வந்த பொருள் நம் கையில் தரம் குறையாமல் அடுத்த கைக்குச் செல்லுமாறு பார்த்துக்கொள்வோமாக! அவ்வாறு ஒவ்வொரு கையும் கடமை தவறாது நின்றால், இறைவன் நம் மண்ணுக்கு அளித்த இனிய கொடை, தோட்டத்தில் இருந்த இனிமை மாறாமலே கடல் கடந்து செல்லும்.